நான் எழுதிய விதவை

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு, லா சப்பலில் ரயில் தண்டவாளங்களைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சமூக நிலையத்தின் இரண்டாம் மாடியில் எங்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணமும் வன்னியும். படிப்பிக்கிறவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. முழங்கால் வருத்தக்காரி. மாடி ஏறி வந்து கதிரையில் இருந்து காலை நீட்டிவிட்டு ஒரு நிமிடம் யாரோடும் பேசமாட்டார். முதல் வருடம் தபாற்கந்தோருக்கு எப்படிப் போவது, வைத்தியரிடம் என்ன சொல்வது என்று படிப்பித்தார். பிறகு ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வரிசையில் நிற்பது பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும், இனி நான் கதை சொல்லப்போகிறேன் என்றார்.

சொன்னதெல்லாம் பழைய கிரேக்கக் கதைகள். கடல் தாண்டிப் போய் ஒரு நகரத்தைச் சுற்றிவளைத்துப் பத்து வருடம் சண்டை பிடித்த ராசாக்களின் கதைகள். ஆனால் அவருக்குச் சண்டையில் அக்கறை இல்லை. அந்தப் பத்து வருடமும் ராசாக்களின் பெண்சாதிமார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இலேசான பிரெஞ்சில், வசனத்துக்கு வசனம் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார். விளங்காதவர்களுக்கு நான் தமிழில் சொல்வேன். வாய் சும்மா இராது என்பதால் எனக்குக் கிடைத்த பதவி அது.

ஒரு கிழமை, காற்று வீசவேண்டும் என்று பெற்ற மகளையே பலி கொடுத்துவிட்டுக் கப்பலேறிய ராசாவின் கதை வந்தது. அவன் வென்று திரும்பி வருகிறான். பெண்சாதி கம்பளம் விரித்து வரவேற்று, குளிக்கப் போன இடத்தில் அவனைக் கொன்றுவிடுகிறாள். சரியா, பிழையா என்று ஆசிரியை கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. மீன்கடையில் வேலை செய்யும் ஒரு அக்கா மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"சரி பிழையை விடுங்கோ. பத்து வருசமா அவளை ஒருத்தரும், எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்கேல்லையோ?"

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் ஆசிரியை தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். நானும் என் கொப்பியில் எழுதினேன். ஆட்கள் தங்களை அறியாமல் சொல்லிவிட்டுப் போகிற பேச்சைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. படிப்பு அவ்வளவாக இல்லாதவளுக்கு அதுதான் படிப்பு.

அடுத்தது காத்திருந்தவளின் கதை. புருசன் சண்டைக்குப் போய் இருபது வருடம். செத்தானா இருக்கிறானா தெரியாது. அவளைக் கட்டுகிறோம் என்று நூறு பேருக்கு மேல் வந்து வீட்டில் இருந்து சாப்பிடுகிறார்கள். நெய்கிற துணி முடியட்டும், பிறகு பதில் சொல்கிறேன் என்று அவள் நாளைக் கடத்துகிறாள். நெய்ததை ஒருவருக்கும் தெரியாமல் பிரித்துவிடுகிறாள். நூறு பேர் இருந்து சாப்பிட்டால் நெய்ய எங்கே நேரம், அடுப்படியில் எல்லோ நின்றிருப்பாள் என்று மீன்கடை அக்கா சொல்ல, ஆசிரியையே காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கதையில் இன்னொன்றும் இருந்தது. அலைந்து திரிகிற ஆண்கள் அந்த வீட்டுக்கு வருவார்களாம். உன் புருசனை இன்ன தீவில் கண்டேன், உயிரோடு இருக்கிறார் என்பார்களாம். பொய்தான் என்று தெரிந்தாலும் அவள் அவர்களை இருத்திச் சாப்பாடு கொடுத்து, போர்த்த ஒரு சால்வையும் கொடுத்து அனுப்புவாளாம்.

அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்தவள் வாய் திறந்தாள். வகுப்பில் அவள் பேசுவதே அருமை.

"எனக்கும் ஒராள் வந்தவர்," என்றாள். பிறகு தெரிந்த பிரெஞ்சையும் தமிழையும் கலந்து சொன்னாள். பிரான்சுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கணவருக்கென்று ஒரு குளிர் ஜாக்கெட் வாங்கி வைத்தாளாம். வந்து இறங்கும்போது நடுங்கக்கூடாதே என்று. அடுத்த வருடம் ஒருவர் தேடி வந்து, உங்கள் கணவரை ஒரு தடுப்பு முகாமில் கண்டேன் என்றார். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். அவர் போட்டிருந்தது மெல்லிய சட்டை. ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். "பொய் எண்டு எனக்கும் தெரியும். ஆனா கண்டனான் எண்டு சொன்ன வாய் நடுங்கக் கூடாதெல்லோ."

அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் பகிடி விடவில்லை.

அவள் என் சிநேகிதி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் பியர்ஃபித்தில், அவள் அடுத்த ஊரான ஸ்தேனில். இரண்டு ஊருக்கும் ஒரே ரயில் நிலையம் என்பதால் வகுப்பு முடிந்து ஒன்றாகத்தான் போவோம். வன்னியில் போர் முடிந்த அந்த மாதத்தில், பெயர் பதிந்துவிட்டு வாருங்கள் என்று ஆமி கூப்பிட்ட வரிசையில் போய் நின்ற அவளுடைய கணவர் திரும்பி வரவில்லை. ஒன்பது வயது மகளோடு அவள் இங்கே வந்து சேர்ந்தாள். பதினைந்து வருடமாகத் தாலி கழுத்தில் கிடக்கிறது. குங்குமப் பொட்டு நெற்றியில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஆசிரியை தோற்ற பக்கத்தாரின் கதைக்கு வந்தார். முற்றுகையிடப்பட்ட நகரத்தின் இளவரசன் மதிலுக்கு வெளியே சண்டை பிடிக்கிறான். அவன் பெண்சாதி வீட்டுக்குள், அவன் வந்ததும் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு இருக்கிறாள். வெளியே அழுகைச் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய் மதிலில் ஏறிப் பார்க்கிறாள். ஆசிரியை அவ்விடத்தில் நிறுத்தி, அந்தக் கணத்திலிருந்து அவள் யார் என்று கேட்டுவிட்டு, பலகையில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதினார். 'வெவ்'. விதவை.

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது பக்கத்தில் கைப்பை திறபடும் சத்தம் கேட்டது. அவள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு கடதாசியை எடுத்து மடியில் விரித்திருந்தாள். அகதி அலுவலகம் கொடுத்த குடும்பப் பத்திரம். பிரான்சில் எங்களுக்குப் பிறப்பும் கலியாணமும் அந்தக் கடதாசிதான். எங்கே போனாலும் கொண்டு போவோம். அவள் பலகையைப் பார்த்தாள். கடதாசியைப் பார்த்தாள். ஒரு விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். பிறகு மடித்து உறைக்குள் வைத்துவிட்டாள்.

அந்தச் சொல்லை அந்தக் கடதாசியில் வரவைத்தவள் நான்.

அந்தக் காலத்தை இன்றைக்கு விளக்கப்போனால் சாட்டுச் சொல்வதுபோல இருக்கும். ஆனாலும் சொல்லவேண்டும். நான் லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். படிவங்களைப் பார்த்து, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுகளைப் பார்த்து நானாகப் பிரெஞ்சு படித்தவள். கடையின் பின்பக்க மேசையில், சேலை மடிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அகதி விண்ணப்பத்தைக் கேஸ் என்போம். கேஸில் ஓட்டை இருக்கக்கூடாது என்பதுதான் அப்போது எல்லோருடைய பேச்சும். காணாமல் போனவர் என்று எழுதினால் எங்கே, எப்படி, தேடினாயா என்று கேள்வி வரும்; செத்தவர் என்றால் கேள்வி வராது என்று கேஸ் அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தருவார்கள். நானும் அதைப் பெரிய அறிவு என்று நம்பினேன்.

அவளுடைய படிவத்தில் நாலு கட்டம் இருந்தது. கலியாணமாகாதவர், கலியாணமானவர், பிரிந்தவர், விதவை. எதிலும் அவள் இல்லை. நான் கடைசிக் கட்டத்தில் புள்ளடி போட்டேன். மற்ற வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போனேன். எதிரே இருந்தவளின் நெற்றியில் பொட்டு இருந்தது. அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

வகுப்பு முடிந்து கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்தோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கத்தரிக்காய் விலை, மழை, மீன்கடை அக்காவின் கொண்டை என்று ஓயாமல் பேசினேன். ரயிலில் அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி இருந்தாள். இறங்கும்போது, "வாறன் அக்கா," என்றாள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு அவளிடமிருந்து போன் வரும். ஒரு பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்து மேசை துடைத்த பிறகு ஐந்து நிமிடம் கதைப்பாள். ஞாயிறு வரவில்லை, அது லீவு. திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. நான் கடையில் ஒரே சேலையை மூன்று தரம் மடித்தேன். வாடிக்கையாளர் பச்சையைக் கேட்க நீலத்தை எடுத்துப் போட்டேன். போனை எடுத்து அவளுடைய இலக்கம் வரை போவேன், வைத்துவிடுவேன்.

புதன்கிழமை காலை என் மனுசன் உணவகத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரர். பத்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். நான் அவருக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணியை நானே தொட்டிக்குள் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றி வைத்தேன். இரண்டாம் முறையும் அப்படியே செய்தபோது அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்தார்.

"நானும் இஞ்சை வந்து ஆறு வருசம் உம்மை ஊரிலையிருந்து கூப்பிடேல்லை," என்றார். "அப்ப ஆரும் வந்து உம்மட்டை, உன்ரை மனுசன் செத்துப்போனான் எண்டு எழுதித் தந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?"

"அவையின்ரை கன்னத்தைப் பொத்தி அடிச்சிருப்பன்."

"அப்ப அடி வாங்கப் போம்," என்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் போகவில்லை. அதற்குள் வேறொன்று வந்து சேர்ந்தது.

அன்று பின்னேரம் அவளுடைய மகள் கடைக்கு வந்தாள். லா பிளேன் பக்கம் ஒரு கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை. கலியாணம் நிச்சயமாகி இரண்டு மாதம். மாப்பிள்ளை வீடும் பியர்ஃபித்தில்தான். கோயில் முறைக் கலியாணத்துக்கு முன்னால் மெறியில், அதுதான் நகரசபையில், பதிவுக் கலியாணம் செய்யவேண்டும். அதற்கான படிவத்தைக் கொண்டு வந்திருந்தாள். எனக்கு ஆச்சரியம். அந்தப் பிள்ளையின் பிரெஞ்சுக்கு முன்னால் என்னுடைய பிரெஞ்சு தவழுகிற பிள்ளை. என்னிடம் ஏன் படிவத்தைக் கொண்டு வரவேண்டும்?

எல்லாம் நிரப்பப்பட்டிருந்தது. தகப்பனின் வரி மட்டும் வெறுமையாக இருந்தது. பெயர், தொழில், வசிக்கும் இடம். இறந்திருந்தால் இறந்தவர் என்று குறிப்பிடவும். அவள் எப்போதும்போலப் பிரெஞ்சில்தான் பேசினாள். பதிவு நாளன்று சபைக்கு முன்னால் அந்த வரியையும் வாசிப்பார்கள், அன்ரி, என்றாள். பிறகு மேசையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டியபடி சொன்னாள்:

"வரப்போகிற அப்பா ஒருவரோடு பதினைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்று எழுதினால் எல்லாம் முடியும் என்று நினைத்தேன். மூன்று தடவை பேனையை வைத்தேன். என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். உங்கள் கையெழுத்து என்றால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டா."

ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இரண்டு நாள் படிவம் என்னிடம் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வா என்றேன்.

எனக்குள் இன்னொரு பயமும் ஓடியது. அங்கே, என் சிநேகிதியின் பத்திரத்தில், விதவை என்று இருக்கிறது. இங்கே வேறு எதையாவது எழுதி, ஒன்றோடொன்று முட்டினால்? கலியாணம் நிற்குமா? அவளுடைய வதிவிட அட்டையில் கைவைப்பார்களா? இறந்தவர் என்று எழுதினால் எல்லாப் பத்திரமும் ஒத்துப்போகும். ஓட்டை இல்லாத கேஸ். ஆனால் அந்தச் சொல்லை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி வாசிக்கிறபோது அவள் முன்வரிசையில் பொட்டோடு இருப்பாள். இப்போது அவளுக்கு அந்தச் சொல் வாசிக்கவும் தெரியும். ஒரு பொய்யை ஒருதரம் எழுதினால் அது தன்பாட்டில் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மகளுக்கு முன்னால் தாய் வந்துவிட்டாள். வேலை உடுப்போடு, தலையில் வலையைக்கூடக் கழற்றாமல். கடையில் இரண்டு பேர் கூறைச்சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேரே பின்பக்க மேசைக்கு வந்து கதிரையை இழுத்து இருந்தாள். பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, ஒண்டு கேப்பன். மறைக்காமல் சொல்லவேணும்."

"கேளும்."

"அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் கேட்டது எனக்கு விளங்கவில்லை. ஏன் எழுதினீர்கள் என்று கேட்பாள், ஏசுவாள் என்றுதான் ஆறு நாளாகப் பதில் தேடி வைத்திருந்தேன்.

"இதிலை நான் விதவை எண்டு கிடக்கு. எழுதினது நீங்கள். ஆரோ உங்களுக்கு ஏதோ சொல்லியிருக்கவேணும். அப்பிடி இல்லாமல் நீங்கள் எழுதமாட்டியள். எனக்குத் தாங்காது எண்டு மறைச்சுப்போட்டியள். பரவாயில்லை. இப்ப சொல்லுங்கோ. ஆர் கண்டது? எந்த இடத்திலை?"

அவள் கை இரண்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பதினைந்து வருடம் அவள் தேடிய செய்தி என் வயிற்றுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இந்த ஆறு நாளும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் பொய் எழுதுவேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "நானாத்தான் எழுதினனான். காணாமல் போனவர் எண்டால் கேள்வி வரும், கேஸ் இழுபடும் எண்டு நினைச்சன். நாலு கட்டம் இருந்தது. ஒண்டுக்குப் புள்ளடி போடவேண்டிக் கிடந்தது. உமக்கு வாசிச்சுக் காட்டவும் இல்லை. அது என்ரை பிழை."

"அப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"ஒண்டும் தெரியாது."

"சத்தியமா?"

"என்ரை பிள்ளையளாணை."

அவள் மூச்சை விட்டாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? பரீட்சையில் பெயில் இல்லை என்று கேட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது. சிரித்தாள்கூட. கதிரையில் சாய்ந்து தலை வலையைக் கழற்றி, தலைமயிரைக் கோதினாள். தன் மனுசனைக் கொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்வதுபோல என்னைப் பார்த்தாள். அவள் என் கன்னத்தைப் பொத்தி அடித்திருந்தால் எனக்கு அது சுகமாக இருந்திருக்கும்.

பிறகுதான், தண்ணீர் குடித்துப் போத்தலை மூடியபோது, முகம் மாறியது. "இப்பதான் எனக்குக் கோவம் வருகுது," என்றாள் மெல்ல. "உங்களோடை கொஞ்ச நாளைக்குக் கதைக்கமாட்டன், அக்கா."

ஓம் என்றேன். அந்தக் கோபம் வருமுன்பே மகளின் படிவத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும். இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. அதையும் எடுத்து வைத்து, வெறுமையாக இருந்த வரியைக் காட்டினேன். பிள்ளை என்ன சொன்னாள் என்பதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் வரியை நெடுநேரம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கடைக்குள் வந்தாள். தாயைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

"இஞ்சை வா," என்றாள் தாய். "இரு. நீ ஒண்டும் தெரியாமல் எழுதக்கூடாது."

அந்தப் பின்மேசையில், கூறைச்சேலை பார்த்தவர்கள் விலை கேட்டுக் கூப்பிட்டதையும் நான் கவனிக்காமல் இருக்க, அவள் அந்த நாளைச் சொன்னாள். பிள்ளைக்கு அன்று காய்ச்சல். தாயின் மடியில் நினைவில்லாமல் கிடந்தாள். தகப்பனுக்கு ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு செருப்போடு வரிசைக்குப் போனார். மணல் கொதித்தது. தாய் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டு எழும்பினாள். மடியில் பிள்ளை. பிள்ளையைக் கிடத்திவிட்டு ஓடுவதா, வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அவர் ஒருதரம் திரும்பி, இரு, எழும்பாதே என்று கையைக் காட்டினார்.

"நான் கண்டது அவ்வளவுதான்," என்றாள். "அதுக்குப் பிறகு ஒண்டும் காணேல்லை. செத்ததையும் காணேல்லை. உனக்கு அவர் செத்துப்போனார் எண்டு தோணினால் எழுது. உன்ரை அப்பா அவர். எனக்காக ஒண்டும் செய்யவேண்டாம்."

பிள்ளை அழவில்லை. எத்தனையாம் நம்பர்ச் செருப்பு என்று தமிழில் கேட்டாள். தாய் சொன்னாள். பிறகு பிள்ளை என் கையில் இருந்த பேனையை வாங்கி அந்த வரியில் தகப்பனின் பெயரை எழுதினாள். தொழில், கமக்காரர். வசிக்கும் இடம் என்ற இடத்தில் சிறிது யோசித்துவிட்டு, தெரியாது என்று எழுதினாள். இறந்தவர் என்று எழுதவில்லை.

மெறிக்கு நானும் போனேன். இரண்டு பத்திரமும் முட்டினால் என்ன சொல்வது என்று வழி முழுவதும் பிரெஞ்சில் வசனம் கட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை மட்டும் கேட்டாள். முத்திரை குத்தினாள். அடுத்த ஆள் என்றாள். ஒரு கேள்வி இல்லை. நான் கேள்வி வரும் என்று பயந்து எழுதிய ஒரு சொல்லோடு என் சிநேகிதி இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். வெளியே வந்து வாங்கில் இருந்துவிட்டேன்.

பதிவு நாளன்று மூவர்ணப் பட்டி அணிந்த அதிகாரி பெண்ணின் பெயரை வாசித்து, தகப்பனின் பெயரை வாசித்து, இருப்பிடம் தெரியாது என்பதையும் வாசித்தார். எங்கள் பெயர்களை உடைத்து உடைத்து வாசித்ததில் பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. மாப்பிள்ளையின் தாய்க்கு விளங்கியது. நகரசபைப் படியில் எல்லோரும் படம் எடுக்க நின்றபோது அவர் என்னைக் கையில் பிடித்து ஒதுக்கினார். கெட்ட மனுசி இல்லை. மகனுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்கிற பதற்றம்.

"ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலிலை மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிறது பெம்பிளையின்ரை தாய் எண்டு சொல்லுகினம்," என்றார். "சுமங்கலியள்தானே எடுக்கவேணும். நீங்கள் அவவுக்குக் கிட்ட. சொல்லுங்கோ, இவ சுமங்கலியோ, இல்லையோ?"

எனக்கு எல்லாவற்றுக்கும் வாயில் பதில் இருக்கும். இதற்கும் ஒன்று வந்தது. அதை விழுங்கினேன். "எனக்குத் தெரியாது. அவவையே கேளுங்கோ," என்றேன்.

நான் அவமதித்துவிட்டதுபோல அவர் பார்த்தார். ஆனாலும் போனார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் பேசுவதும், என் சிநேகிதி தலை குனியாமல் பதில் சொல்வதும் தூரத்தில் தெரிந்தது. அடுத்த கலியாணக் கூட்டம் மேளதாளத்தோடு படியேறியதால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளோ என்னோடு கதைப்பதில்லை, கேட்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை, லெ பிளாங்-மெனிலில் ஒரு மண்டபம். மாப்பிள்ளையின் கார் வந்து நின்றதும் ஆலாத்திக்காரர் வாருங்கோ என்று யாரோ கூப்பிட்டார்கள். எங்கள் முறையில் இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று ஒரே தட்டைப் பிடித்துச் சுற்றவேண்டும். ஆலாத்திக்கு என் பெயரை எழுதியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். போய் நின்று தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். வாழைப்பழத் துண்டுகளில் மூன்று திரிகள் எரிந்தன. மற்றப் பக்கத்தைப் பிடிக்க அவள் வந்தாள். அரக்குச் சேலை, பொட்டு, தாலி. பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

எல்லோரும் மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"அவவைக் கேட்டனான்," என்றார் பொதுவாக, யாருக்கும் இல்லாமல். "தெரியாது எண்டு சொன்னா. தெரியாதவள் எடுக்கக்கூடாது எண்டு எங்கை எழுதிக் கிடக்கு எண்டும் கேட்டா. நான் ஐயரிட்டையும் கேட்டுப் பாத்தன், அவரும் வாயைத் திறக்கேல்லை." பிறகு மகனின் தோளைத் தொட்டு நேராக நிறுத்தினார். "காலைச் சரியா வை. நேரம் போகுது."

நாங்கள் தட்டைத் தூக்கினோம். முதல் சுற்றில் மண்டபத்தின் தானியங்கிக் கதவு திறந்து காற்று அடித்து ஒரு திரி அணைந்துவிட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்ததில் தட்டு என் பக்கம் சரிந்தது. அவள் அணைந்த துண்டை இரண்டு விரலால் எடுத்தாள். பக்கத்துத் திரியில் பிடித்துப் பற்றவைத்தாள். திரும்ப இடத்தில் வைத்தாள்.

"நேராப் பிடியுங்கோ அக்கா," என்றாள். "எண்ணெய் வடியுது."